சாலையில் தூவிய உப்பு ஏரியில் எவ்வளவு?

ஆர்.ஓ. கருவியைப் பழுதுபார்க்க வருபவர், பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து டம்ளர் தண்ணீரில் நனைத்து, "டிடிஎஸ் நானூறு இருக்கு பாய்" என்று சொல்வதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தப் பேனா உப்பை நேரடியாக எண்ணுவதில்லை. அதன் இரண்டு முனைகளுக்கு இடையே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதிலிருந்து கரைந்திருக்கும் உப்புகளைக் கணக்கிட்டுச் சொல்கிறது. சுத்தமான நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்பு கரையக் கரையக் கடத்துதிறன் கூடும்.

இதே தத்துவத்தில் இயங்கும், இதைவிடத் துல்லியமான கருவிகளைக் கொண்டுதான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் ஏரி நீரைச் சோதிக்கிறார்கள். அவர்கள் தேடுவது, பனிக்காலத்தில் சாலைகளில் தூவப்பட்ட உப்பு எங்கே போனது என்பதற்கான விடை. பனியே விழாத ஊரில் இருக்கும் நமக்கு இது எதற்கு என்று தோன்றலாம். வெளியே தெரியாத ஒரு கேட்டை எப்படி அளந்து கண்டுபிடிக்கிறார்கள் என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

உப்பு ஏன் தூவுகிறார்கள்?

குல்ஃபி வண்டிக்காரர் பனிக்கட்டியோடு கல்லுப்பைக் கலந்து வைப்பதைக் கண்டிருப்பீர்கள். நல்ல நீர் 0 பாகை செல்சியஸில் உறையும். உப்பு கலந்த நீர் அதற்கும் கீழே போனால்தான் உறையும். சாலையில் தூவினால், உறைந்து கண்ணாடியாகிக் கிடக்கும் பனி உருகித் தண்ணீராகிவிடும். வண்டிச் சக்கரம் வழுக்காது.

இதில் ஓர் எல்லை உண்டு. வெப்பநிலை கழித்தல் 9 பாகைக்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பு மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். அப்போது எத்தனை மூட்டை கொட்டினாலும் பெரிய பயன் இல்லை. மேடிசனில் ஜனவரி மாதத்தின் பல நாட்கள் அதைவிடக் குளிரானவை. பனி உருகவில்லையே என்று மேலும் மேலும் கொட்டுவது அங்கே பலகாலமாக நடந்துவரும் தவறு.

அமெரிக்காவில் சாலைக்கு உப்பு என்ற வழக்கம் பழையதல்ல. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938இல் சோதனையாகத் தொடங்கியது. 1941-42 பனிக்காலத்தில் நாடு முழுவதும் சேர்த்துத் தூவியது சுமார் 5,000 டன். இன்றோ ஒரு பனிக்காலத்திற்கு இரண்டு கோடி டன்னை ஒட்டி வருகிறது. நம் தூத்துக்குடி உப்பைப்போல் இது வெயிலில் விளைந்ததல்ல, சுரங்கத்தில் வெட்டியெடுத்த பாறையுப்பு. கனடாவின் காடரிச் நகரில் ஹியூரான் ஏரிக்கு அடியிலும், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஈரி ஏரிக்கு அடியிலும் பெரும் உப்புச் சுரங்கங்கள் இருக்கின்றன. நன்னீர் ஏரியின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் பத்திரமாகக் கிடந்ததை மேலே எடுத்து, வேறு நன்னீர் ஏரிகளுக்குள் போகவிடுகிறார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

ஆனால் உப்பைத் திட்டி எழுதுவது எளிது. பனி மூடிய சாலையில் ஆம்புலன்ஸ் போக வேண்டும், பள்ளிப் பேருந்து போக வேண்டும், முதியவர்கள் நடைபாதையில் விழுந்து இடுப்பெலும்பு முறியாமல் இருக்க வேண்டும். உப்பு உயிர்களைக் காக்கிறது. ஆகவே அங்கே யாரும் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்வதில்லை. எவ்வளவு போதும் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்ல, போன உப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

போன உப்பு திரும்பாது

நோன்புக் கஞ்சி அண்டாவில் உப்பு கூடிவிட்டால் என்ன செய்வோம்? தண்ணீரும் அரிசியும் சேர்த்து அளவைப் பெருக்குவோமே தவிர, போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. இன்னும் கொதிக்கவிட்டால் தண்ணீர் வற்றி மேலும் கரிக்கும். ஏரியின் கதையும் அதுதான்.

சமையல் உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்தது. எடையில் நூற்றுக்கு 60 பங்கு குளோரைடு. தண்ணீரில் கரைந்ததும் இரண்டும் பிரிந்துவிடும். சோடியத்தில் ஒரு பகுதி களிமண்ணில் ஒட்டிக்கொண்டு தங்கும். குளோரைடு எதிலும் ஒட்டாது, மட்காது, ஆவியாகாது, நுண்ணுயிர்களும் அதைத் தின்று தீர்ப்பதில்லை. தண்ணீர் போகுமிடமெல்லாம் கூடவே போகும். அதனால்தான் ஆய்வாளர்கள் சோடியத்தை விட்டுவிட்டுக் குளோரைடைப் பின்தொடர்கிறார்கள். வழக்கமான குடிநீர்ச் சுத்திகரிப்பும் சாக்கடைச் சுத்திகரிப்பும் அதை நீக்குவதில்லை. ஆர்.ஓ. போன்ற முறைகள் நீக்கும், ஆனால் ஓர் ஏரியை ஆர்.ஓ. கருவியில் விட்டுச் சுத்தம் செய்ய யாராலும் முடியாது.

எவ்வளவு இருந்தால் கெடுதல்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1988இல் வகுத்த அளவின்படி, நீர்வாழ் உயிர்களுக்குத் தொடர்ந்து ஒரு லிட்டரில் 230 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் இருக்கக் கூடாது. குறுகிய நேரத்திற்கு 860 வரை. கனடா 2011இல் இன்னும் கண்டிப்பாக 120, 640 என்று வைத்தது. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் குளோரைடின் ஏற்கத்தக்க அளவு 250.

இந்த 230 என்பது எவ்வளவு சிறியது என்று வீட்டிலேயே பார்க்கலாம். நாம் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றில் ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது சுமார் 6 கிராம், போட்டுக் கலக்குங்கள். லிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராம் குளோரைடு சேர்ந்துவிடும். தண்ணீரில் முன்பே இருந்ததையும் கூட்டினால் அந்த எல்லையை நெருங்கிவிட்டோம். டிடிஎஸ் பேனா இருந்தால் போடுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள், ஏறக்குறைய 300 கூடியிருக்கும். குடித்துப் பார்த்தால் பலருக்கு உப்பு போட்டதே தெரியாது. நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே மீன்குஞ்சுக்கும் நீர்த்தெள்ளுக்கும் தெரிந்துவிடுகிறது.

அளப்பது எப்படி?

தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டு சோதனைக்கூடத்தில் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எங்கே மொள்வது, எப்போது மொள்வது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முதலில் இடம். உப்புநீர் நல்ல நீரைவிட அடர்த்தியானது, ஆகவே அடியில் போய்த் தங்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி நல்ல நீர் வைத்து, வண்ணம் கலந்த உப்புநீரை உறிஞ்சுகுழல் வழியாக அடியில் மெதுவாக விட்டால் இரண்டும் தனித்தனி அடுக்காக நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். ஏரியின் மேல் பனிக்கட்டி மூடியிருக்கும்போது காற்று தண்ணீரைக் கலக்க முடியாது, சாலையிலிருந்து வடிந்த உப்புநீர் பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். மேல்மட்டத்தில் மட்டும் மொண்டு பார்த்தவர் "ஏரி நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆகவே ஏரியின் மிக ஆழமான இடத்தில் மேலிருந்து அடிவரை மட்டம் மட்டமாக அளக்க வேண்டும். மழைநீர் வடிகால் வந்து விழும் வாய், ஓடை நுழையும் இடம், ஏரி வழிந்து வெளியேறும் இடம் ஆகிய மூன்றையும் விடக் கூடாது. உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்று தெரிந்தால்தான் தங்குவது எவ்வளவு என்று கணக்கு வரும்.

அடுத்து காலம். கோடையில் படகில் போய் அளப்பது சுகம். ஆனால் உப்பு வருவதோ பனிக்காலத்தில். எனவே உறைந்த ஏரியின் மேல் நடந்துபோய், துளையிடும் கருவியால் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, அதன் வழியே கருவியைக் கயிற்றில் இறக்குகிறார்கள். சில நாட்கள் குளிர் தணிந்து பனி உருகும்போது, அதுவரை தெருவோரத்தில் சேர்ந்திருந்த உப்பெல்லாம் ஒரே மூச்சில் வடிகாலில் இறங்கும். அந்தச் சில மணி நேரத்தில் நகர ஓடைகளில் குளோரைடு 1,000 மில்லிகிராமைத் தாண்டிவிடுவதும் உண்டு. மாதம் ஒருமுறை மொள்பவரின் பாட்டிலில் அது சிக்காது. இதற்காகத்தான் ஓடையிலேயே கடத்துதிறன் கருவியைப் பொருத்தி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகப் பதிய விடுகிறார்கள்.

அந்தக் கருவி சொல்வதையும் அப்படியே நம்பிவிட முடியாது. கடத்துதிறன் வெப்பநிலைக்கேற்ப மாறும், ஆகவே எல்லா அளவுகளையும் 25 பாகைக்கு மாற்றி எழுத வேண்டும். மேலும், கருவிக்கு எந்த உப்பு என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. மேடிசன் பகுதி நிலத்தடி நீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர். சாலை உப்பு ஒரு துளி கலக்காவிட்டாலும் கடத்துதிறன் ஓரளவு இருக்கும். அதனால் அவ்வப்போது நீர் மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்தில் குளோரைடை மட்டும் தனியே அளந்து, கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு, இந்தக் கடத்துதிறனுக்கு இவ்வளவு குளோரைடு என்று அந்த ஓடைக்கே உரிய கணக்கு ஒன்றை உருவாக்குகிறார்கள். ஓர் ஓடையின் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பொதுமக்களும் இதில் சேர்ந்துகொள்கிறார்கள். ஐசக் வால்ட்டன் லீக் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தன்னார்வலர்களுக்குச் சோதனைப் பட்டைகளை இலவசமாக அனுப்புகிறது. பட்டையின் அடியை ஓடைத் தண்ணீரில் நிறுத்தினால் அதிலுள்ள வெள்ளிச் சேர்மம் குளோரைடோடு சேர்ந்து ஒரு வெள்ளைக் கோடு மேலே ஏறும். எவ்வளவு உயரம் ஏறியதோ அந்த எண்ணைப் பட்டியலில் பார்த்தால் அளவு தெரியும். துல்லியம் சற்றுக் குறைவுதான். ஆனால் நூறு ஓடைகளில் எந்த ஓடைக்கு முதலில் ஓட வேண்டும் என்று காட்ட அது போதும்.

அளந்ததில் தெரிந்தது

மேடிசன் மக்களுக்கு வாய்த்த பேறு, அவர்கள் ஏரிகளின் பழைய குறிப்புகள். மெண்டோட்டா ஏரியை எட்வர்டு பர்ஜ், சான்சி ஜூடே என்ற இரு பேராசிரியர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே ஆராயத் தொடங்கினார்கள். உலகிலேயே மிக அதிகமாக ஆராயப்பட்ட ஏரிகளில் அதுவும் ஒன்று. 1940களில் அதன் குளோரைடு லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவில்தான் இருந்தது. இப்போது 50ஐ ஒட்டியிருக்கிறது. 230உடன் ஒப்பிட்டால் இது சிறிய எண். பழைய குறிப்பு இல்லாமல் இன்று புதிதாக வந்து அளந்தவர் "பயமில்லை" என்றே சொல்லியிருப்பார். பத்து மடங்கு ஏறியிருக்கிறது என்பதைச் சொன்னது அந்தப் பழைய நோட்டுதான். அந்த ஏரியில் லிட்டருக்கு ஒரே ஒரு மில்லிகிராம் குளோரைடு ஏற வேண்டுமானால் சுமார் 800 டன் உப்பு கரைந்திருக்க வேண்டும்.

அதே நகரில், வீடுகள் சூழ்ந்த சிறிய ஏரி விங்ரா. பரப்பு சுமார் 135 ஹெக்டேர், சராசரி ஆழம் 2.7 மீட்டர். அங்கே குளோரைடு 100ஐத் தாண்டிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த ஏரித் தண்ணீரில் இந்த நேரம் கரைந்து நிற்பது ஏறக்குறைய 600 டன் உப்பு. பத்து டன் லாரியில் 60 லோடு. மேடிசன் நகரின் சாக்கடைக் கழிவுநீர் 1958இலிருந்து இந்த ஏரிகளில் விடப்படாமல் சுற்றிக் கொண்டுபோகப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த உப்பு பெரும்பாலும் சாலையிலிருந்தும் வண்டி நிறுத்துமிடங்களிலிருந்தும் வந்ததே என்பது விளங்கும்.

இது ஒரு நகரத்தின் கதை மட்டுமல்ல. மேடிசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிலரி டுகனும் உடன் ஆய்வாளர்களும் வட அமெரிக்காவின் 371 ஏரிகளின் நெடுங்காலக் குறிப்புகளைத் திரட்டி 2017இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஏரிகள் மிகுந்த வட்டாரத்தில் நூற்றுக்கு 44 ஏரிகளில் குளோரைடு ஏறிக்கொண்டே போகிறது. கரையிலிருந்து 500 மீட்டருக்குள் நூற்றில் ஒரு பங்கு நிலம் தார்ச்சாலையோ கட்டடமோ ஆனால் போதும், ஏரி உப்பேறும் வாய்ப்பு கூடிவிடுகிறது.

உப்பேறினால் என்ன ஆகும்? நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரை அடுத்த ஐராண்டிக்வாய்ட் விரிகுடாவைப் பற்றி 1971இலேயே ஓர் ஆய்வு வெளிவந்தது. வழக்கமாக வசந்தத்தில் பனி உருகியதும் காற்று வீசி ஏரி நீரை மேலும் கீழுமாகப் புரட்டும். மேலிருக்கும் ஆக்சிஜன் அடிக்குப் போவது அப்போதுதான். 1970 வசந்தத்தில் அந்த விரிகுடா முழுவதுமாகப் புரளவில்லை. அடியில் கனத்துக் கிடந்த உப்புநீர் அசைய மறுத்துவிட்டது. அடி நீருக்கு மூச்சு இல்லாமல் போனால் அங்கே வாழும் உயிர்கள் மடியும், சேற்றில் அடங்கியிருந்த பாஸ்பரஸ் வெளியேறும். பிறகு அப்பகுதியில் உப்பைக் குறைத்தார்கள். தொடர்ந்து அளந்துவந்ததில் நிலைமை திரும்பியதும் பதிவாகியிருக்கிறது. மனதுக்கு ஆறுதலான செய்தி அது.

அரசு வைத்த எல்லையே போதுமா என்ற கேள்வியும் எழுந்துள்ளது. அமெரிக்கா, கனடா, ஸ்பெயின், சுவீடன் நாடுகளில் 16 இடங்களில் செய்த சோதனையின் முடிவு 2022இல் வந்தது. பெரும்பாலான இடங்களில், சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள்ளேயே நீர்த்தெள்ளு போன்ற நுண் விலங்குகள் பாதிக்கு மேல் அழிந்தன. பாசியைத் தின்பவை அவைதான். அவை போனதால் ஏறக்குறைய பாதி இடங்களில் பாசி பெருகியது. மெண்டோட்டாவின் 50ஐயும் விங்ராவின் 100ஐயும் இப்போது வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

குடிநீருக்கும் இதில் பங்கு உண்டு. மேடிசன் மக்கள் ஏரி நீரைக் குடிப்பதில்லை, ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தே குடிக்கிறார்கள். அப்படியிருந்தும், போக்குவரத்து மிகுந்த பல்கலைக்கழகச் சாலையை ஒட்டிய 14ஆம் எண் கிணற்றில் குளோரைடு ஆண்டுக்கு ஆண்டு ஏறிவந்திருக்கிறது. கூடவே சோடியமும் ஏறியது. இரத்த அழுத்தத்திற்காக உப்பைக் கண்டிப்பாகக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அது கவலை தரும் செய்தி.

குளோரைடு இரும்பையும் ஈயத்தையும் அரிக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மிச்சிகனின் ஃபிளிண்ட் நகரம் 2014 ஏப்ரலில் ஆற்று நீருக்கு மாறியபோது, அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காததுதான் முதற்பெரும் குற்றம். அந்த ஆற்று நீரில் குளோரைடு முந்தைய நீரைவிடப் பலமடங்கு இருந்தது கேட்டைப் பெரிதாக்கியது. அந்த அக்டோபரிலேயே, பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஒரு கார் எஞ்சின் தொழிற்சாலை அந்தத் தண்ணீரை வேண்டாமென்று சொல்லிவிட்டது. வீடுகளில் குடித்தவர்களின் சொல் கேட்கப்பட அதற்கு மேலும் ஓராண்டு ஆனது.

குறைப்பதும் அளப்பதும்

மேடிசன் நகராட்சி எல்லாத் தெருவிலும் உப்பு தூவுவதில்லை. முக்கியச் சாலைகள், பேருந்து செல்லும் வழிகள் போன்றவற்றுக்குத்தான் உப்பு. குடியிருப்புத் தெருக்களில் தேவையான இடத்தில் மணல். காய்ந்த உப்பைத் தூவினால் பெரும்பகுதி தெறித்து ஓரத்தில் விழுகிறது என்பதால், முன்கூட்டியே உப்புநீராகத் தெளிக்கும் முறையும் பரவிவருகிறது. வீட்டுக்காரர்களுக்குச் சொல்லப்படும் அளவு எளியது: வீட்டு முன் 20 அடி கார்ப்பாதைக்கு ஒரு பெரிய காபிக் கோப்பை உப்பு போதும்.

பிடிபடாமல் இருப்பவர்கள் தனியார் வண்டி நிறுத்துமிடக்காரர்கள். யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் அள்ளிக் கொட்டுகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரில், முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்று வாங்கிய ஒப்பந்தக்காரருக்கு அந்த வழக்குப் பயத்திலிருந்து சட்டப் பாதுகாப்பு தந்திருக்கிறார்கள். உப்பை முதலில் தொடங்கிய மாநிலமே இதற்கும் வழிகாட்டியிருக்கிறது.

குறைத்த மறுவருடமே ஏரி இனித்துவிடுமா என்றால், இல்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களில் கணக்கிட்டதில், தூவிய உப்பில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் ஆற்றோடு வெளியேறாமல் அந்த வட்டாரத்து மண்ணிலும் ஏரிகளிலும் நிலத்தடி நீரிலும் தங்கிவிடுவது தெரிந்தது. அப்படி மண்ணுக்குள் இறங்கியது ஊற்றாகக் கசிந்து மெதுவாக ஓடைக்கு வரும். சாலையில் ஒரு மணி உப்புகூட இல்லாத வெயில் காலத்தில், மழையும் இல்லாத நாளில், ஓடையில் ஓடுவது முழுக்க அந்த ஊற்று நீர்தான். பழைய பனிக்காலங்களின் உப்பு இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை அன்றைய அளவுதான் சொல்லும். அதனால் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு அளந்த அதே ஆட்கள், ஜூலை மாதத்திலும் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போகிறார்கள்.